முட்சர்க்கரையும் சஃபரலியின் வயிறும்

சஃபரலி யாரையும் நம்பமாட்டார். நிஷாப்பூர் கோதுமைக் கிடங்கின் வாசலில் அவர் பார்த்த வேலையே அதுதான். லாரியில் வரும் மூட்டைகளில் குத்தூசியைச் சொருகி உருவுவார். மேல் மூட்டையைத் தொடமாட்டார். "மேல இருக்கிறது எனக்குக் காட்டுறதுக்கு வச்சது. நடுவுல இருக்கிறதுதான் சரக்கு" என்பார். உருவியதில் ஒரு பிடியை வாயில் போட்டு மெல்லுவார். நல்ல கோதுமை மெல்ல மெல்லப் பிசின் போல இழுபடும். நாவாய்ப்பூச்சி கடித்த கோதுமை இழுபடாது, எச்சிலோடு கரைந்துவிடும். பூச்சி உறிஞ்சும்போது தன் நொதியை மணிக்குள் விட்டுவிட்டுப் போகிறது. அது மாவின் பசையைத் தின்றுவிடும். அந்த மாவில் ரொட்டி தட்டினால் தந்தூர் அடுப்பின் உள்சுவரிலேயே வழியும். சஃபரலி துப்பிவிட்டு, "வண்டியத் திருப்பு" என்பார். கெஞ்சினாலும் அழுதாலும் அந்த ஒரு சொல்தான்.

நான் அதே நாவாய்ப்பூச்சிகளைக் கண்ணாடிக் கூண்டில் வளர்த்து ஆராய்கிற பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பூச்சி என்றால் முகம் சுளிக்காத ஒரே அண்டை வீட்டுக்காரர் அவர் என்பதால் எங்களுக்குள் பேச்சு நன்றாக ஓடும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

கிடங்கின் தூசி நெஞ்சில் இறங்கி, ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. பனி விழத் தொடங்கினால் இருமலும் தொடங்கிவிடும். மனைவி இறந்துபோயிருந்தாள். மகன் கியூமர்ஸ் லாரி ஓட்டுபவன், பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வீட்டில் அவரும் மருமகள் இஷ்ரத்தும் மட்டும்தான். இஷ்ரத்தின் அப்பா ஹெஷ்மத் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். அதனால் அந்த வீட்டில் இருமலுக்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை.

அந்தக் குளிர்காலம் அவள் மாமனாருக்கு முட்சர்க்கரைக் கஷாயம் வைத்தாள். பினாலூத் மலைச்சரிவில் உருண்டைத் தலை முட்செடி ஒன்று உண்டு. அதன் தண்டில் ஒரு கூன்வண்டு சாம்பல் வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி போல ஒரு கூடு கட்டும். புழு உள்ளேயே வளர்ந்து வண்டாகி ஓட்டை போட்டு வெளியேறிவிடும். அந்தக் கூடுதான் முட்சர்க்கரை. நாவில் வைத்தால் மெல்ல இனிக்கும். கொதிக்க வைத்தால் கொழகொழவென்று வரும், தொண்டைக்கு இதம். இஷ்ரத் தாராளக் கைக்காரி. அப்பா கடைச் சரக்குதானே என்று இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, சீமைமாதுளை விதையும் சேர்த்துக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள்.

இருமல் அடங்கியது. வயிறு கிளம்பியது.

முதல் நாள் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாளும் கஷாயம் குடித்துக் கொஞ்ச நேரத்தில் வயிறு தம்பட்டம் போல உப்பி, உள்ளே கடமுடவென்று உருண்டு, பனியில் முற்றத்தைக் கடந்து கக்கூஸுக்கு ஓடினார். குடிக்காத நாளில் ஒன்றுமில்லை. மறுபடி குடித்தால் மறுபடி ஓட்டம். கிடங்கு வாசலில் உட்கார்ந்த மனம் அவருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

இஷ்ரத்தும் அதே பானையிலிருந்துதான் குடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் பானையில் இல்லை, கிண்ணத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். மறுநாள் அவள் ரொட்டி எடுக்கத் திரும்பிய நேரத்தில் கிண்ணங்களை மாற்றி வைத்தார். இஷ்ரத் அவருடைய கிண்ணத்தைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு துணி காயப்போடப் போனாள். அவளுடைய கிண்ணத்தைக் குடித்த சஃபரலி முற்றத்தைக் கடந்து ஓடினார்.

சுவர் மேல் கையை ஊன்றி என்னிடம் சொன்னார்: "நான் மாத்துவேன்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, தூபா. அவ கிண்ணத்துலதான் கலந்திருக்கா. அப்பன் புத்தி."

"பெரியப்பா, குளிர்ல வயிறு கெட்டிருக்கும். டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"காட்டினேன். குளிர்தான்னு சொல்றான். அவன் இருமலுக்கு என்ன எழுதிக் கொடுத்தான் தெரியுமா? 'நாட்டு மருந்து ஏதாவது குடிங்க'ங்கிறான். கடைத்தெருவுல எல்லாரும் ஒன்னு."

அவள் ஏன் விஷம் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். வீட்டை விற்றுவிட்டு மஷ்ஹதுக்குக் குடிபோகலாம் என்று கியூமர்ஸ் ஒருமுறை சொன்னானாம். சொன்னது கியூமர்ஸ்தான், ஆனால் வாய் மட்டும்தான் அவனுடையது என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு புது ஒழுங்கு வந்தது. கிண்ணத்தை அவரே கழுவினார். தண்ணீரை அவரே பிடித்தார். கஷாயம் கொதிக்கும்போது அடுப்புக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இஷ்ரத் கரண்டி எடுத்தால் கரண்டியைப் பார்த்தார், கையை முக்காட்டில் துடைத்தால் முக்காட்டைப் பார்த்தார். அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை.

"மாமா, அடுப்பு ஓடிறப் போவுதா? இப்படி முறைச்சுப் பாக்குறீங்க."

"நீ கிண்டும்மா. எனக்கு வேற வேலை இல்ல."

"குடிச்சாத்தானே வயிறு போகுது? குடிக்காதீங்க. இருமிட்டுக் கெடங்க."

"அதத்தான நீ எதிர்பார்க்கிற?"

குடித்தாலும் குற்றம், குடிக்காவிட்டாலும் குற்றம் என்று இஷ்ரத் என்னிடம் வந்து அழுதாள். அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கிழவருக்கு வயிற்றுக்கு ஒன்றுமே இல்லை, தன்னை வீட்டை விட்டுத் துரத்த நாடகம் ஆடுகிறார் என்று அவள் நினைத்தாள். "கக்கூஸுக்குள்ள போய் சும்மா நின்னுட்டு வர்றாரோ என்னவோ. யாரு உள்ள போய்ப் பார்த்தா, அக்கா?" என்றாள். எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் கள்ளம் தெரியவில்லை.

கண்ணெதிரே கொதித்த கஷாயம், தானே கழுவிய கிண்ணம், தானே பிடித்த தண்ணீர். அப்போதும் வயிறு போயிற்று. இனி மிச்சம் சரக்கு மட்டும்தான். சஃபரலி பரணிலிருந்து பழைய குத்தூசியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். நான் அப்போது அங்கே மஞ்சள் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஹெஷ்மத் சம்பந்தியைப் பார்த்ததும் எழுந்து தேநீர் சொன்னார். சஃபரலி உட்காரவில்லை. நேரே முட்சர்க்கரைச் சாக்குக்குப் போய்க் குத்தூசியை நடுவயிற்றில் சொருகினார்.

"என்ன சம்மந்தி இது?"

"மேல இருக்கிறது எனக்கு வேணாம். நடுவுல என்ன வச்சிருக்கீங்கன்னு பாக்கணும்."

"நாப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். எவனும் என் சாக்குல ஊசி வச்சது இல்ல."

"வச்சிருந்தா நாப்பது வருஷம் ஓடியிருக்காது."

பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். உருவியதைச் சஃபரலி உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளைத் துண்டுகள், கொஞ்சம் முள், உள்ளேயே செத்துக் காய்ந்த ஒரு கூன்வண்டு. வண்டைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன இது?"

"அது கட்டினதுதான் சர்க்கரை! வண்டு இல்லாம அது எங்கேர்ந்து வரும்?"

தெரு சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் கோதுமை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பியிருக்க வேண்டும். "உங்க பொண்ணும் நீங்களும் சேர்ந்து எனக்கு விஷம் வைக்கிறீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஹெஷ்மத்தின் முகம் வெளுத்தது. வந்த தேநீரைத் திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான் செய்தார். அன்று மாலையே இஷ்ரத் ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சஃபரலி என் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று காகிதப் பொட்டலங்கள். சாக்கின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. "பூச்சி விஷயம் உனக்குத் தெரியும். பார்த்துச் சொல்லு" என்றார். சொன்ன பிறகும் கிளம்பாமல் நின்றார். வீட்டில் தனியாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் அதைக் கேட்டால் அதற்கும் என்னைச் சந்தேகப்படுவார்.

உருப்பெருக்கியில் பார்த்தேன். மூன்றும் ஒரே சரக்கு. சுண்ணாம்பு கலந்திருக்குமோ என்று அமிலம் விட்டேன், நுரைக்கவில்லை. அப்புறம் நீரிழிவுக்காரர்கள் சிறுநீரில் சர்க்கரை பார்க்க வைத்திருக்கும் நீலப் பட்டையை எடுத்தேன். குளுக்கோஸ் இருந்தால் பச்சையாகும். முட்சர்க்கரைக் கரைசலில் முக்கினேன். நீலமாகவே இருந்தது.

"பார்த்தியா? சர்க்கரையே இல்ல!" என்று சஃபரலி மேசையைத் தட்டினார்.

நாவில் வைத்தேன். இனித்தது. எனக்கும் அந்த நிமிஷம் ஹெஷ்மத் மீது சந்தேகம் தட்டியது. இனிக்கிறது, ஆனால் பட்டைக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சர்க்கரையைப் பாகு காய்ச்சித் தடவியிருப்பாரோ? அதுவும் பட்டையில் தெரியாது. ஆனால் கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் அதே இனிப்பு, புழு இழைத்த இழை அப்படியே இருந்தது. தடவியது இல்லை. வண்டே கட்டியது.

கூண்டில் நாவாய்ப்பூச்சிகள் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பூச்சிகளின் இரத்தத்தில் நான் தினமும் அளப்பதும் இதே சர்க்கரைதான். மனித இரத்தத்தில் குளுக்கோஸ் ஓடுகிறது. பூச்சி இரத்தத்தில் இரண்டு குளுக்கோஸ் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடுகின்றன. அப்படி ஒட்டியிருக்கும்வரை எந்தப் பட்டைக்கும் அது தெரியாது. பூச்சி பறக்க வேண்டுமென்றால் அதன் தசையில் உள்ள ஒரு நொதி அந்தச் சோடியை நடுவே வெட்டுகிறது. வெட்டியதும் தனிக் குளுக்கோஸ். அதை எரித்துத்தான் இறக்கை அடிக்கிறது. கூன்வண்டுப் புழு அந்தச் சர்க்கரையிலேயே வீடும் கட்டிவிடுகிறது.

அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. நம்புவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

"கண்ணால காட்டு."

சில நாவாய்ப்பூச்சிகளின் நெஞ்சுப் பகுதியை மட்டும் நறுக்கித் தண்ணீர் விட்டு அரைத்தேன். அறை முழுதும் அந்தப் பூச்சி நாற்றம். வடிகட்டிப் பாதியை முட்சர்க்கரைக் கரைசலில் விட்டேன், பாதியை வெறும் தண்ணீரில். இரண்டு குழாய்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினோம். அத்தனை நேரமும் அவர் குழாய்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் ஜன்னலைத் திறக்கப் போனபோதுகூட என்னைத் திரும்பிப் பார்க்காமல் குழாயையே பார்த்தார், அது எங்கோ போய்விடும் என்பது போல.

பட்டைகளை முக்கினேன். வெறும் தண்ணீரில் நீலம் லேசாக மங்கியது. பூச்சிக்குள் இருந்த கொஞ்சம் சர்க்கரை அது. முட்சர்க்கரைக் குழாயில் பட்டை கரும்பச்சையாக மாறிற்று.

சஃபரலி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரக்கு நல்ல சரக்குதானா?"

"முதல்தரம்."

"அப்ப எனக்கு ஏன் போகுது? அவளுக்கு ஏன் போகல?"

"அந்தச் சோடியை வெட்டுற நொதி நம்ம குடல்லயும் இருக்கு பெரியப்பா. ஆனா எங்கேயாவது ஒருத்தருக்கு அது இருக்காதாம். வெட்டாத சர்க்கரை அப்படியே கீழ இறங்கி, தண்ணிய இழுத்து, புளிச்சு, வயித்த உப்ப வச்சு ஓட விடும். நான் படிச்சதுதான், ஆளைப் பார்த்ததில்ல."

"பூச்சிக்கு இருக்கு, எனக்கு இல்லங்கிற."

"இருக்கலாம்னு சொல்றேன்."

"ஹெஷ்மத் உங்கிட்ட பேசினானா?"

எனக்குக் கோபம் வந்தது. சமாளித்துக்கொண்டு, காளானிலும் இதே சர்க்கரை நிறைய இருக்கிறது, அது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன்.

அவர் எழுந்தார். பட்டையை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் சடசடத்தது. எட்டிப் பார்த்தேன். சஃபரலி முற்றத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக் காளான் வதக்கிக்கொண்டிருந்தார். தெரியாத கடையில், தெரியாத ஆளிடம் வாங்கினாராம். தானே கழுவி, தானே நறுக்கி, புது உப்புப் பொட்டலம் பிரித்துப் போட்டிருந்தார். தட்டு நிறைய எடுத்து ரொட்டியோடு முழுவதையும் தின்றார். பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாரும் வராத முற்றத்தில், நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

வயிறு அவரை ஏமாற்றவில்லை. ஓடினார், வந்தார், மறுபடி ஓடினார். கடைசியில் வெளிறிப்போய்ச் சுவரோரம் வந்து நின்றார்.

"சமைச்சவன் நான், தூபா. கழுவினவன் நான். எவன் மேல சொல்றது?"

"உப்பும் சர்க்கரையும் கரைச்ச தண்ணி தரவா? சாதாச் சர்க்கரைதான்."

"குடு" என்றார். நான் கொடுத்ததை முகர்ந்து பார்க்காமல் குடித்தார். அவரை அத்தனை வருஷமாகத் தெரியும். முகராமல் அவர் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், குர்பான். மலையடிவாரத்து ஊரில் பழத்தோட்டம். ஒரு வசந்தத்தில், இடி இடித்து மழை பெய்த மறுநாள், தம்பி விருந்துக்கு வந்திருக்கிறாரே என்று அண்ணி மலைக்குப் போய்க் காளான் பறித்து வந்து நெய்யில் வதக்கிப் போட்டாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். சஃபரலி மட்டும் வயிறு போய்த் துவண்டு விழுந்தார். அப்போது அப்பாவின் நிலம் பாகம் பிரியாமல் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டு எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். அண்ணியின் முகத்தைப் பார்த்தே கேட்டார். பிறகு அந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை. குர்பான் இறந்தபோது அடக்கத்துக்குப் போய்த் தள்ளி நின்றுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

"அண்ணி பேரு நோக்ரே" என்றார்.

லாரியை நிறுத்திவிட்டுக் கியூமர்ஸ் வந்தபோது வீட்டில் மனைவி இல்லை. கடைத்தெருவில் கேட்ட கதையோடு வந்திருந்தான். அப்பாவும் மகனும் கத்தியது எனக்குக் கேட்டது. கத்தியது பெரும்பாலும் மகன்தான். கடைசியில் இருவருமாக ஹெஷ்மத் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இஷ்ரத் வாசலுக்கு வந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"தப்பு என் வயித்துல இருக்கும்மா" என்றார் சஃபரலி. "உன் கையில இல்ல."

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போவுது? கடைத்தெருவுல கூட்டம் கூட்டிச் சொன்னீங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

கியூமர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இரு" என்று அவள் ஒரு பார்வை பார்த்தாள். "இன்னொன்னு மாமா. உங்களுக்கு வயிறே போகலன்னு நான் நினைச்சேன். வேஷம் போடுறீங்கன்னு தூபா அக்காகிட்டயும் சொன்னேன். அது என் தப்பு. அதுக்கு மேல என்கிட்ட தப்பு கிடையாது."

மறுநாள் கடைத்தெருவில் கூட்டம் கூட்ட அவசியமே இருக்கவில்லை. சஃபரலி வருகிறார் என்றதும் அதுவே கூடியது. ஹெஷ்மத் கடை முன்னால் நின்று, சரக்கு சுத்தம், குறை தன் குடலில் என்றார். ஒரு கூன்வண்டால் செய்ய முடிவது தன்னால் முடியவில்லை என்றும் சொன்னார். "அப்ப எங்க கோதுமையத் திருப்பினதெல்லாம்?" என்று ஒருவன் கூட்டத்திலிருந்து கேட்டான்.

"அது பூச்சி கடிச்ச கோதுமை. உன்னுது மூனு தடவை. மூனு தடவையும் சரியாத்தான் திருப்பினேன்" என்றார் சஃபரலி உடனே. ஹெஷ்மத் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மற்றவர்களையும் தொற்றியது. தேநீர் வந்தது, இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

இஷ்ரத் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அவருக்குக் கஷாயம் வைப்பதை விட்டுவிட்டாள். சோறும் ரொட்டியும் எல்லாருக்கும் பொதுவில் வைத்து, "எடுத்துப் போட்டுக்குங்க" என்பாள். தன் கையால் அவருக்குப் பரிமாறவே இல்லை. அவரும் கேட்கவில்லை. இருமலுக்கு மாத்திரை விழுங்கினார். அந்த விரிசல் கடைசிவரை அப்படியே இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பனி உருகிச் சாலை திறந்ததும் அவர் நோக்ரேயைப் பார்க்கப் போனார். கியூமர்ஸ்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டான், அவன்தான் எனக்குச் சொன்னான். அவள் கதவைத் திறந்து, யாரென்று பார்த்து, வழி விடாமல் நின்றாளாம். நொதி, பூச்சி, காளான் என்று இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாராம். அவளுக்குப் பாதி புரிந்திருக்காது.

"உங்க அண்ணன் கடைசி வரைக்கும் உங்கள ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றாளாம். "என்னைத்தான் கேட்டாரு. படுக்கையில கெடந்தப்ப, 'இப்பவாவது சொல்லு, ஏதாவது போட்டியா?'ன்னு கேட்டாரு. நான் போடலன்னேன். நம்பினாரான்னு எனக்குத் தெரியாமலே போயிட்டாரு."

அவள் தேநீர் கொடுத்தாள். அவர் குடித்தார். அவரை உட்காரச் சொல்லவில்லை, அவளும் வாசற்படியிலேயே நின்றாள்.

அந்த வருஷம் முதல் ஒவ்வொரு அறுவடைக்கும் தானே மென்று பார்த்துத் தேர்ந்த கோதுமையில் அரைத்த மாவு மூட்டை ஒன்றை அவர் அந்த ஊருக்குக் கொண்டுபோய் இறக்கினார். அவளாக உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே பேசிவிட்டு வந்தார். உட்காரச் சொல்ல அவளுக்கு நாலு வருஷம் பிடித்தது.